எடை போட்ட பிறகு சொன்ன விலை

ஜனவரி 19, 2025, ஞாயிறு. மன்னார்குடி.

காலையில் மகள் டெல்லி துவாரகாவிலிருந்து பேசினாள். பிப்ரவரி மூன்றாம் வாரம் என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். ஆனால் பயணமே கூடாது என்று அவளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். "நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கப்பா. அம்மா பக்கத்துல இருந்தா எனக்குப் போதும்" என்றாள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

ரயிலில் போகலாம் என்றுதான் நினைத்தேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, ஒரு பகல். ஆனால் என் மனைவிக்கு முட்டி வலி; இவளுக்கு இரண்டு இரவு தாங்காது. மாப்பிள்ளை போனில் விமானக் கட்டணம் பார்த்துச் சொன்னார். சென்னையிலிருந்து பிப்ரவரி 12 காலை 5.55 விமானம் ஆளுக்கு 4,650 ரூபாய். அதே நாள் மதியம் ஒன்று 5,900. மார்ச் 9 திரும்பி வர 4,450. காலை விமானத்தில் போனால் இருவருக்கும் 2,500 ரூபாய் மிச்சம். ஓய்வூதியக்காரனுக்கு அது இரண்டு மாத மருந்துச் செலவு. காலை விமானமே போதும் என்றேன்.

ஜனவரி 20, திங்கள்.

எதிர்வீட்டுப் பெண் பி.காம். இறுதியாண்டு. சாயங்காலம் வந்து டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திரையையும் படித்தேன். 36 வருஷம் தபால் கவுன்டரில் இருந்தவன். படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

முதல் திரையில் போக வர இருவருக்கும் 18,200. அடுத்த திரையில் இருக்கைகள், வண்ண வண்ணமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. அதைத் தாண்டினால் சாப்பாடு. அதைத் தாண்டினால் வரிசையில் நிற்காமல் போக ஒரு கட்டணம். அதைத் தாண்டினால் காப்பீடு. அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்கள். ஆளுக்கு 199. நாங்கள் கேட்கவில்லை. டிக்கை எடுத்ததும் ஒரு வாசகம் வந்தது: பாதுகாப்பில்லாமல் பயணம் செய்வதற்கு நான் சம்மதிக்கிறேன் என்ற அர்த்தத்தில். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவன் விரலை அந்த வாசகத்தின் மேல் வைக்கச் சொல்கிறார்கள். என் விரல் ஒரு நொடி நின்றது உண்மை.

"மாமா, இதுக்கெல்லாம் பேர் இருக்கு" என்றாள் அந்தப் பெண். 2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்ததைப் பாடத்தில் படித்திருக்கிறாள். கேட்காத பொருளைக் கூடையில் போடுவது அதில் ஒன்று. வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குவது ஒன்று. விலையை முதலிலேயே முழுதாகச் சொல்லாமல் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது ஒன்று. மூன்றும் ஒரே மாலையில் எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டன.

கடைசித் திரையில் 19,600. கூடிய 1,400 'வசதிக் கட்டணம்'. ஆளுக்கு, ஒரு தடவைக்கு 350. யாருக்கு வசதி? டிக்கெட் அச்சிட ஆள் இல்லை, காகிதம் இல்லை. வேலையைச் செய்தது நாங்கள். பணத்தைக் கட்டினேன்.

ஜனவரி 21, செவ்வாய்.

டிக்கெட்டில் இவள் பெயர் ஆதாரில் இருப்பதுபோல் இல்லை, ஓர் எழுத்து குறைகிறது. பயந்துகொண்டே போன் செய்தேன். பணம் கேட்காமல் திருத்திக் கொடுத்தார்கள். விமான நிறுவனத்திடமே நேரடியாக எடுத்த டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் சொன்னால் பெயர்த் திருத்தம் இலவசம் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி. அதேபோல் பயணத்துக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருந்தால், எடுத்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாலும் கட்டணம் இல்லை. நல்ல விதிகள். எத்தனை பேருக்குத் தெரியும்?

கட்டண விவரத்தைத் தனியாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே நிறுவனத்துக்குப் போகும் பணம் இல்லை. விமானப் பாதுகாப்புக் கட்டணம் 236 ரூபாய்: 200, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. விமான நிலையத்துக்குப் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம். சாதாரண வகுப்புக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி. விமான எரிபொருளோ ஜிஎஸ்டிக்குள்ளேயே வரவில்லை. தமிழ்நாட்டில் அதற்கு மதிப்புக் கூட்டு வரி 29 விழுக்காடு. ஒரு நிறுவனம் விமானம் ஓட்ட ஆகும் செலவில் எரிபொருள்தான் பெரும் பங்கு. குறைந்த விலையில் சீட்டு விற்பவர்களுக்கும் நெருக்கடி உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மலிவு விமானத்தின் மேல் எனக்கு வெறுப்பும் இல்லை. 2003இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கினார். ஒரு ரூபாய்க்குக்கூடச் சில டிக்கெட் விற்றார். அதுவரை அண்ணாந்து பார்த்தவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். அவர் வாழ்க்கையைத் தழுவிய 'சூரரைப் போற்று' படத்தைப் பார்த்து இவள் அழுதாள். ஏழை பறக்க வேண்டும் என்பதுதான் அந்த எண்ணத்தின் உயிர். அந்த உயிர் இன்னும் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

ஜனவரி 29, புதன். தை அமாவாசை.

குளத்தில் தர்ப்பணம் முடித்து வந்து பேப்பர் பார்த்தேன். கும்பமேளா கூட்டத்தால் பிரயாக்ராஜுக்கு விமானக் கட்டணம் பல மடங்கு ஏறியிருக்கிறது. கட்டணத்தை நியாயமாக வையுங்கள், விமானங்களைக் கூட்டுங்கள் என்று விமான நிறுவனங்களை அரசு கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டுக்கொள்ளத்தான் முடிகிறது. 1994இல் விமானக் கழகச் சட்டம் நீங்கியதிலிருந்து கட்டணத்தை நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றன. கொரோனா காலத்தில் 2020 மே 25 முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை மட்டும் அரசு கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைத்திருந்தது.

மலிவு டிக்கெட் என்பது யாரும் அவசரமாகப் போக வேண்டாத நாளில் கிடைப்பது. சாவுக்கும் பிரசவத்துக்கும் திருவிழாவுக்கும் அது கிடைக்காது. நாங்கள் மூன்று வாரம் முன்னால் எடுத்ததால் தப்பித்தோம் என்று இன்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்.

தப்பவில்லை.

இவள் பத்து நாளாகச் சேர்த்ததையெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்தாள். பிரசவ லேகியம் இரண்டு பாட்டில். சுக்கு, திப்பிலி, ஓமம், மலைப்பூண்டு. கருப்பட்டி. வசம்பு கோத்த வளையல். பால் புகட்ட வெள்ளிப் பாலாடை, அவள் அம்மா மகளுக்குப் புகட்டியது. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன என் பழைய வேட்டிகள் ஆறு, குழந்தைக்கு விரிக்க. இவற்றில் பாதி டெல்லியிலும் கிடைக்கும் என்று மகள் சொன்னாள். கிடைக்கும். ஆனால் அம்மா கையால் இடித்த சுக்கு கிடைக்காது.

ஆளுக்கு 15 கிலோ என்று நினைத்திருந்தேன். எதற்கும் பார்க்கலாம் என்று டிக்கெட்டை மறுபடி எடுத்தேன். கைப்பை 7 கிலோ. ஏற்றும் பெட்டி: இல்லை. இல்லை என்பதே ஆங்கிலத்தில், சாம்பல் நிறத்தில், எறும்பளவு எழுத்தில். நாங்கள் எடுத்தது கைப்பை மட்டும் உள்ள கட்டணம். பெட்டி கொண்டுவராதவர்களுக்குச் சலுகை கொடுக்கலாம் என்று 2021 பிப்ரவரியில் டிஜிசிஏ அனுமதி கொடுத்தது. பெட்டி இல்லாதவர் பெட்டிக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது நியாயமே. ஆனால் 5,900 ரூபாய் டிக்கெட்டில் 15 கிலோ சேர்ந்தே இருந்ததையும், 4,650இல் அது இல்லாததையும் விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் சொல்வதல்லவா முறை?

எதிர்வீட்டுப் பெண் வந்து 15 கிலோ வீதம் இருவருக்கும் சேர்த்தாள். ஆளுக்கு 1,500. மொத்தம் 3,000. மிச்சம் பிடித்ததாக நினைத்த 2,500 இன்றே போய்விட்டது. முதல் நாளே கண்ணில் பட்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் செலவில்லாமல் ரத்து செய்து மதிய விமானத்தை எடுத்திருப்போம். விதி இருந்தது, அதைப் பயன்படுத்த வேண்டிய காரணம் தெரியாமல் இருந்தது.

ரயிலில் சாதாரண ஸ்லீப்பர் பயணிக்கு 40 கிலோ இலவசம். அதையும் இன்று நினைத்துப் பார்த்தேன்.

ராத்திரி இரண்டு பெட்டியையும் முக்கத்து மளிகைக் கடைக்குத் தூக்கிப்போய் எலக்ட்ரானிக் தராசில் வைத்தோம். 14.8, 15.1. கடைக்காரர் 100 கிராம் பூண்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். "இப்ப சரியா இருக்கு சார்." தராசுக்காரன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம். பல்லாவரம்.

காலை 5.55 விமானம் என்பதன் பொருள் இன்றுதான் முழுதாகப் புரிகிறது. மன்னை எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி விடிந்துதான் சென்னை வரும். மதிய விமானமாக இருந்தால் அதில் தூங்கிக்கொண்டே வந்து தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போயிருக்கலாம். நிலையத்துக்கு எதிரிலேயே விமான நிலையம். காலை விமானத்துக்கு அது உதவாது. ஆகவே பகலில் பஸ் பிடித்து கிளாம்பாக்கம் வந்து, பல்லாவரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். அறை 1,400. விடியற்காலை மூன்றரைக்கு மெட்ரோவும் இல்லை. ஆட்டோவுக்கு 300 பேசி வைத்திருக்கிறேன். இந்த 1,700 ரூபாய் எந்தத் திரையிலும் வரவில்லை. ஆனால் அந்த 4,650இன் உள்ளேயே அது உட்கார்ந்திருந்தது.

மன்னார்குடியில் பஸ் ஏறும்போது என் மச்சினி ஓடிவந்து ஒரு தூக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்தாள். கைப்பையில் வைத்தேன்.

இப்போது போனில் வெப் செக்-இன் செய்தேன். எல்லா இருக்கையும் விலையோடு இருந்தது. பக்கத்துப் பக்கத்து இருக்கைக்குக் குறைந்தது ஆளுக்கு 250. இதற்கு மேல் ஒரு காசு கொடுப்பதில்லை என்று வீம்பாகத் தாண்டிவிட்டேன். எனக்கு 9ஆம் வரிசை நடு இருக்கை. இவளுக்கு 21ஆம் வரிசை நடு இருக்கை. அதுவரை விமானத்தில் யாரும் இல்லாத மாதிரிதான் படம் காட்டியது.

பிப்ரவரி 12, புதன். துவாரகா, இரவு.

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

கவுன்டரில் பெட்டிகள் சரியாக இருந்தன. கைப்பையையும் வைக்கச் சொன்னார் அந்தப் பெண். என் பை 10 கிலோ. கடைசி நேரத்தில் கருப்பட்டியில் ஒரு பொட்டலத்தையும் அதில் திணித்திருந்தேன், மச்சினி கொடுத்த தூக்கு வேறு. "மூணு கிலோ அதிகம் சார். கிலோ 600." குரலில் கடுமை இல்லை. நாளுக்கு நூறு தடவை சொல்லும் வார்த்தை. நானும் கவுன்டரில் இருந்தவன்தானே, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

1,800 ரூபாய். பையில் இருந்த கருப்பட்டியை நாங்கள் வாங்கிய விலை அதில் பாதிகூட இல்லை. இவள் ஒன்றும் பேசவில்லை. வழியிலிருந்து ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். முட்டியை மடக்க முடியாதவள் உட்கார்ந்தாள். இரண்டு கிலோ கருப்பட்டிப் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். குப்பையில் போட மனம் வரவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு, "உடன்குடிக் கருப்பட்டி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்தாள். மீதி ஒரு கிலோவுக்கு 600 கட்டினேன்.

பக்கத்து கவுன்டரில் ஒரு பையன், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். கட்டட வேலைக்கு வந்தவன் என்று கைகள் சொல்லின. சிமென்ட் தின்ற நகங்கள். கயிறு கட்டிய புது மிக்ஸி அட்டைப்பெட்டி ஒன்று வைத்திருந்தான். அவனுக்கும் அதே கணக்கு: கிலோ 600. அவனுக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது. "அம்மாக்கு" என்று மட்டும் சொன்னான். போனில் யாரையோ கூப்பிட்டான். அவர் எடுக்கவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டான். பிறகு அட்டைப்பெட்டியைக் கிழித்து, மிக்ஸியின் உடம்பை மட்டும் துண்டில் சுற்றி, ஜாடிகளைச் சட்டைக்குள் போட்டுப் பார்த்தான். என் பையில் இப்போது இடம் இருந்தது, எடைக்குத்தான் இடம் இல்லை. இருந்திருந்தாலும் அடுத்தவர் பொருளை வாங்கிக்கொள்ளாதீர்கள் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. அது சரியான எச்சரிக்கை. நான் நின்று பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவன் என்ன செய்தான் என்று தெரிவதற்குள் எங்களை உள்ளே போகச் சொன்னார்கள்.

தபால் நிலையத்தில் நான் இருந்தபோது ரிஜிஸ்டர் பார்சலுக்கு 500 கிராமுக்கு ஒரு படி. விலைப்பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். ஒரு பார்சல் 520 கிராம் காட்டினால், "20 கிராம் குறைச்சிட்டா கீழ்ப் படியிலேயே போயிடும், பிரிச்சுக் கட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவேன். கத்தரிக்கோலும் சணலும் நானே கொடுப்பேன். என் மேலதிகாரி ஒருவரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. எடை மீறியவரிடம் எவ்வளவு பிடுங்கலாம் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. விமானத்திலோ எடை மீறலே ஒரு வியாபாரமாக இருக்கிறது. வீட்டில் இருந்தபடி கட்டினால் ஒரு விலை, விமான நிலையத்தில் வந்து நின்றால் வேறு விலை. அந்தக் கூடுதல் தொகையைக் கட்டுகிறவர் யார்? அடிக்கடி பறக்கிறவர் இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும். முதல் தடவை வருகிறவர், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், வீட்டுக்குப் பொருள் கொண்டுபோகிறவர். அவர்கள் கட்டுவதால்தான் மற்றவருக்கு 4,650.

விமானத்தில் எழுந்து நின்று பின்னால் பார்த்தேன். இவள் தலையின் மல்லிகைப்பூ மட்டும் தெரிந்தது. பெல்ட்டைப் பக்கத்து ஆள் மாட்டிவிட்டாராம். இட்லியை அவள் பையிலேயே வைத்திருந்ததால் நான் பட்டினி, அவள் தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் அவளும் பட்டினி. டெல்லியில் இறங்கிப் பெட்டிக்குக் காத்திருக்கும்போது சொன்னாள்: "ஏங்க, கிளம்புற நேரத்துல உங்க கையைப் பிடிச்சுக்கலாம்னு இருந்தேன்."

58 வயதில் அவள் முதல் பறத்தல். 500 ரூபாய்க்காக அவளைத் தனியாக விட்டேன். இந்தக் குறையை எந்த நிறுவனத்தின் மேலும் போட மாட்டேன், அது என்னுடையது. ஆனாலும் ஒன்று எழுதுகிறேன். 12 வயது வரையுள்ள குழந்தைகளை ஒரே பதிவில் வரும் பெற்றோர் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ உத்தரவு போட்டது. முதியவர்களுக்கும் அப்படி ஒரு வரி சேர்த்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மகள் வாசலில் நின்றாள். வயிறு இறங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் அப்போதைக்கு மறந்துவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்.

விடியற்காலை 4.10க்குப் பேத்தி பிறந்தாள். 2 கிலோ 900 கிராம். ஆபரேஷன்தான். இருவரும் நலம். பாலாடையை வெந்நீரில் போட்டு வைத்திருக்கிறாள் பாட்டி.

பிப்ரவரி 28, வெள்ளி.

நேற்று சென்னை விமான நிலையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' திறந்திருக்கிறார்கள். டீ 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், சமோசா 20. டிசம்பரில் கொல்கத்தாவில் முதலில் தொடங்கியதாம். விமான நிலையத்தில் டீக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். முடியாது என்று சொல்லப்பட்ட விலை முடிந்திருக்கிறது. பலகையில் எழுதிவைத்து விற்கிறார்கள். படித்ததும் மாப்பிள்ளையிடம் காட்டினேன். "நல்ல விஷயம் மாமா" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு.

மகளுக்கு ஆபரேஷன் ஆனதால் பாட்டி இன்னும் ஒரு மாதமாவது இருக்க வேண்டும். 9ஆம் தேதி நான் மட்டும் போகிறேன். இவள் டிக்கெட்டைத் தேதி மாற்றலாம் என்று பார்த்தோம். மாற்றுவதற்கு ஒரு கட்டணம், அதோடு அன்றைய விலைக்கும் பழைய விலைக்கும் உள்ள வித்தியாசம். கூட்டினால் புது டிக்கெட்டே மலிவு. ரத்து செய்தால் 4,450 ரூபாயில் எவ்வளவு வரும்? திரை முதலில் பூஜ்யம் என்றது.

பூஜ்யமாக இருக்க முடியாது. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் ரத்துக் கட்டணம் பிடிக்கக் கூடாது. பயணமே செய்யாதவரிடம் வாங்கிய வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும், திருப்பித் தர முடியாத டிக்கெட்டாக இருந்தாலும், திருப்பித் தர வேண்டும். இது விதி. மாப்பிள்ளை அதை எழுதி மின்னஞ்சல் அனுப்பினார். மாலையில் 790 ரூபாய் வரும் என்று பதில் வந்தது. வசதிக் கட்டணம் 350 வராது.

790 பெரிய பணம் இல்லை. ஆனால் கேட்காமல் விட்டவர்களுடைய 790களை எல்லாம் கூட்டினால் எவ்வளவு இருக்கும் என்று யோசித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு. இரவு, மன்னை எக்ஸ்பிரஸ்.

பேத்தியின் தலை மணத்தை மூக்கில் வைத்துக்கொண்டே கிளம்பினேன். ஒரே கைப்பை, ஐந்தரைக் கிலோ. போர்டிங் பாஸ் வேண்டும் என்று கவுன்டரில் கேட்டேன், சிரித்துக்கொண்டே அச்சடித்துக் கொடுத்தார்கள். அதற்கும் ஒரு காலத்தில் 200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொன்னது, நின்றுவிட்டது. சொன்னால் நிற்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

மார்ச் 12, புதன். மன்னார்குடி.

அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் நிறுவனம் மே 28 முதல் பெட்டிக்குக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்திருக்கிறது. 1971இல் பறக்கத் தொடங்கிய நிறுவனம். உலகத்தின் மலிவு விமானங்களுக்கெல்லாம் முன்னோடி. மற்றவர்கள் 2008இலிருந்து பெட்டிக்கு வாங்கத் தொடங்கியபோதும் இரண்டு பெட்டி இலவசம் என்று நின்றவர்கள். அவர்களும் போய்விட்டார்கள். உலகம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிகிறது. ஆகவே இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

கணக்குப் புத்தகத்தை எடுத்து, போன பயணத்தை மட்டும் எழுதினேன்.

இருவருக்கும் திரையில் காட்டிய விலை 9,300. வசதிக் கட்டணம் 700. பெட்டிக்கு 3,000. கைப்பை மிகைக்கு 600. பல்லாவரம் அறை 1,400. ஆட்டோ 300. மொத்தம் 15,300. காட்டிய விலைக்கு மேல் 6,000.

மதிய விமானத்தில் 15 கிலோவோடு 11,800. வசதிக் கட்டணம் 700. கைப்பைக்கு அதே 600 கட்டியிருந்தாலும் 13,100. மலிவு டிக்கெட்டுக்கு நாங்கள் 2,200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். இரண்டு கிலோ கருப்பட்டி தனி. இவள் கையைப் பிடிக்காமல் போனது தனி.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் கணக்கைக் காட்டினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம் என்று சொன்னாள். டிக் போட்டு வைத்திருந்த காப்பீட்டைப் பற்றி அங்கே பதிவு செய்தேன். மீதிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். நாளை காலை விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அதில் மூன்றே கோரிக்கைகள்.

ஒன்று: முதல் திரையில் காட்டும் விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், எத்தனை கிலோ பெட்டி, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று எழுத வேண்டும். இரண்டு: அதைப் பயணி படிக்கும் மொழியில் எழுத வேண்டும், சென்னையில் கிளம்புகிறவருக்குத் தமிழில். மூன்று: எடை மீறியவருக்கு விமான நிலையத்தில் அபராத விலை கூடாது, வீட்டிலிருந்து கட்டினால் என்ன விலையோ அதே விலை.

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவருக்கோ, முதல் தடவை பறக்கிற பிள்ளைக்கோ டிக்கெட் போட்டுக் கொடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு, யார் பக்கத்தில் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கட்டிய அன்றே டிக்கெட்டை இன்னொரு முறை படியுங்கள். திருத்த 24 மணி நேரம் இருக்கிறது.

மனுவைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 20 கிராமுக்குள் இருக்கிறது. என்ன செலவாகும் என்று எனக்கு இப்போதே தெரியும்.